சல்லிக்கல்லின் கணக்கு

தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. பள்ளி விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து போகும்போதெல்லாம் பின்கட்டுச் சுவரை ஒட்டித்தான் எனக்குப் பாய் விரிப்பார்கள். உப்புக்காற்று ஏறி அந்தச் சுவரின் காரை பொரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரியாது. வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒரு கல் தெரியும். அதன் மேல் விரல்நுனி அகலத்துக்குப் பூப்பூவாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய தகடுகள். தூக்கம் வராத மத்தியானங்களில் அந்தத் தகடுகளை நகத்தால் தடவி எண்ணியிருக்கிறேன்.

வீட்டை இடிக்க வேண்டி வந்தபோது வயதான கொத்தனார் ஒருவரிடம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். "அது சல்லிக்கல்லு தம்பி. தீவுப் பக்கம் பாருல இருந்து வள்ளத்துல ஏத்திட்டு வருவாவ. ரெண்டு மழை நனைய விட்டு உப்பு எறங்குனப்புறந்தான் சுவத்துக்கு வைப்பம். பொடிச் சல்லியெல்லாம் சூளைக்குப் போயிரும், சுண்ணாம்புக்கு" என்றார். அப்படியானால் சுவரும் பவளம், சுவரில் பூசிய காரையும் பவளம். பிள்ளையாக இருந்த நாளெல்லாம் கடலுக்குள்ளிருந்து வந்த ஓர் உயிரின் எலும்பில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அந்த எலும்பு ஒரு கணக்கேடு என்பது அதற்குப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பவளம் என்றதும் நமக்கு நவரத்தினத்தில் வரும் சிவப்புக் கல் நினைவுக்கு வரும். அது மத்தியதரைக்கடலில் வளரும் வேறு இனம். மன்னார் வளைகுடாவில் பார் கட்டுகிற பவளத்தின் எலும்பு வெண்மையானது. மீனவர்கள் பார் என்றும் சல்லி என்றும் சொல்வது இதைத்தான். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளில் இரண்டின் பெயரே காரைச்சல்லி, விலாங்குசல்லி.

தாமிரபரணி ஆற்றங்கரையில் வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் கொஞ்சம் தூரத்துச் சங்கதி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, எட்டு அணைக்கட்டுகளில் ஏறத்தாழ 86 ஆயிரம் ஏக்கருக்குப் பங்கு வைத்து, காரும் பிசானமுமாக நெல் விளைவித்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் ஆறு முடிந்துவிடுகிறது என்று பாடத்தில் படித்தோம். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் ஆறு என்பதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. புன்னைக்காயலுக்கு அப்புறம் அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த ஆற்றின் பெயரிலேயே ஓர் உலோகம் இருக்கிறது. பொருநை என்ற பழம்பெயரோடு தாமிரபரணி என்ற பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது. நெல்லையப்பர் கோயிலில் நடராசருக்கு உரியது தாமிர சபை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1876-ல் ஜெர்மானியரான ஜாகர் தோண்டினார். அவருக்குப் பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும், பொன் நெற்றிப்பட்டங்களும், தாமிரமும் தகரமும் சேர்ந்த வெண்கலச் சாமான்களும் வந்தன. பறவைகளும் எருமையும் உட்கார்ந்திருக்கும் வெண்கல மூடிகளை வார்த்த கை இந்தப் பள்ளத்தாக்கின் கை. உலோகத்தை உருக்கவும் வார்க்கவும் தெரிந்து, இறந்தவரோடு மரியாதையாக வைத்துப் புதைக்கவும் தெரிந்த ஊர் இது.

உலோகத்தை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. நம் ரத்தத்தில் இரும்பு ஓடுகிறது. துளித் தாமிரம் இல்லாமல் உடம்பு இயங்காது. அளவு மாறும்போதும் இடம் மாறும்போதும்தான் அதே பொருள் நஞ்சாகிறது. வாழைக்கும் வெற்றிலைக்கும் நோய் வந்தால் மயில்துத்தம் கரைத்துத் தெளிப்பார்கள். மயில்துத்தம் தாமிர உப்பு. பூஞ்சையைக் கொல்லும் என்பதால்தான் தெளிக்கிறோம். படகின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்திலும் தாமிரம் கலந்திருக்கிறது. பவளம் என்பதும் கடலுக்கடியில் ஒட்டி வளரும் உயிர்தானே? ஒரு லிட்டர் கடல்நீரில் சில பத்து மைக்ரோகிராம் தாமிரம் கூடினாலே பவள முட்டைகள் கருவுறுவது பெரிதும் குறைந்துபோகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சாம்பல் போட்டு விளக்கிய செம்பின் பளபளப்பைப் பார்த்து மகிழும் கண்ணுக்கு அந்த அளவு ஒருநாளும் தென்படாது.

பவளத்துக்குத் தென்படும். எப்படி என்று சொல்ல வேண்டும்.

பவளம் தனி உயிர் இல்லை, ஒரு குடியிருப்பு. அரிசி அளவும் புளியங்கொட்டை அளவும் உள்ள மெல்லுடல் உயிர்கள் ஆயிரக்கணக்கில் தோளோடு தோள் ஒட்டி வாழ்கின்றன. அவற்றின் தசைக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலில் சமைத்துக் கொடுக்கிறது. ஒவ்வோர் உயிரும் கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தனக்குக் கீழே அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகமாக இறக்கிக்கொண்டே மேலேறுகிறது. உயிர் இருப்பது மேல்தோலில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அது குடியிருந்து விட்டுவந்த பழைய வீடுகள். பாறாங்கல் போல உருண்டு வளரும் போரைட்டீஸ் இனம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஒரு மீட்டர் உயரமுள்ள போரைட்டீஸ் நம் தாத்தாவின் தகப்பனார் காலத்திலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆண்டின் ஒரு பருவத்தில் அடர்த்தியாகவும் இன்னொரு பருவத்தில் தளர்வாகவும் அது சுண்ணாம்பை இறக்குகிறது. குறுக்கே அறுத்த பலகையை எக்ஸ்ரே எடுத்தால் தேக்கின் வளையங்கள் போலக் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். ஒரு சோடி வரி ஓர் ஆண்டு. இதை ஐயமறக் காட்டிய ஆய்வு 1972-ல் வந்தது. பசிபிக்கில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்திய எனிவெடாக் தீவின் பவளங்களை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். குண்டு வெடித்த ஆண்டுகளின் கதிரியக்கம் பவளத்துக்குள் பதிந்திருந்தது. வெடித்த தேதி தெரியும், வரிகளை எண்ண முடியும், இரண்டும் பொருந்தின. பவளத்தின் நாட்காட்டியை நமக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே நாம் கடலில் கொட்டிய நஞ்சுதான் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

கடல்நீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம், பேரியம் போன்றவை படிகத்துக்குள் கால்சியத்தின் இருக்கையில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. நீரில் ஈயம் கூடினால் அந்த ஆண்டின் வரியில் ஈயம் கூடும். கலங்கி வரும் மண்துகள் குழிகளில் சிக்கி மூடப்படுவதும் உண்டு. தின்னும் மிதவை உயிர்கள் வழியாகவும் உலோகம் உடலுக்குள் போகிறது. அளவு மிகச் சிறியது. கரையிலிருந்து விலகிய கடலின் பவளத்தில் நூறு கோடிப் பங்குக்குச் சில பத்துப் பங்கு ஈயம் இருக்கும். அதை வாசிக்கச் செய்யும் வேலை ஒரு பொற்கொல்லர் பட்டறையின் பொறுமையைக் கேட்கிறது. கடலுக்கடியில் சில சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்த் துரப்பணத்தால் மேலிருந்து கீழாகத் துளையிட்டு ஒரு தண்டு எடுப்பார்கள். துளையைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் பவளம் அதன் மேல் மறுபடி தோல் போர்த்திக்கொள்ளும். தண்டைப் பலகையாக அறுத்து, வரி வரியாகச் சுரண்டி, பல தடவை கழுவி, அமிலத்தில் கரைத்து, நிறமாலைக் கருவியில் அளப்பார்கள். கழுவுவதில்தான் மெய்யும் பொய்யும் பிரிகின்றன. பிற்காலத்து அழுக்கு இடுக்கில் ஒட்டியிருந்தால் ஆண்டு தப்பிவிடும். துளைக்கும் சிப்பிகளும் புழுக்களும் குடைந்த பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். ஓர் இனத்தின் அளவை இன்னோர் இனத்தோடு நேராக ஒப்பிடவும் கூடாது. எல்லா உலோகமும் ஒரே மாதிரி உண்மை பேசுவதுமில்லை. ஈயமும் பேரியமும் நீரின் அளவை நன்றாகப் பின்தொடர்கின்றன. தாமிரத்தையும் துத்தநாகத்தையும் வாசிக்க இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

இப்படி வாசித்ததில் உலகம் கற்றுக்கொண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அட்லாண்டிக்கில் பெர்முடா தீவின் பவளங்களில் இருநூறு ஆண்டு ஈயக் கணக்கு கிடைத்தது. அமெரிக்காவில் தொழில்கள் பெருகப் பெருக ஈயம் ஏறுகிறது, ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்தில் 1970-களில் உச்சிக்குப் போகிறது, அந்தப் பெட்ரோலை ஒழிக்கத் தொடங்கியதும் இறங்குகிறது. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால் அது எந்தப் பக்கத்துத் தாதுவிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். சட்டம் போட்டால் கடல் கேட்குமா என்ற கேள்விக்குப் பெர்முடாப் பவளம் கேட்கும் என்று பதில் எழுதி வைத்திருக்கிறது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல்தான் முழுவதும் நின்றது. நம் கடலின் பவளத்தில் அந்த இறக்கம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

இரண்டாவது, ஆற்றங்கரைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கதை. ஆஸ்திரேலியாவின் பர்டெக்கின் ஆற்றுக்கு எதிரே உள்ள பவளப்பாறைத் தண்டுகளில் பேரியம் அளந்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெள்ளம் மண்ணைக் கொண்டுவரும்போது மண்ணோடு பேரியமும் வரும். 1750 முதல் 1870 வரை பெருவெள்ளங்கள் வந்தும் பேரியம் பெரிதாக ஏறவில்லை. ஐரோப்பியர் குடியேறி ஆற்றுப்படுகையில் ஆடும் மாடும் மேய்த்துத் தரையை வெறுமையாக்கிய பிறகு, 1870-லிருந்து ஒவ்வொரு வெள்ளத்திலும் அது எகிறுகிறது. கடலுக்குள் வந்த வண்டல் ஐந்து முதல் பத்து மடங்கு கூடியது. மலையடிவாரத்தில் புல்லை மேய்ந்ததைக் கடலடியில் ஒரு கல் குறித்துவைத்தது.

இனி நம் கரைக்கு வருவோம். 1986 அக்டோபர் 20 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான். அதே 1986-ல்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட கடும்பவள இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அந்தத் தீவுகளின் அருகே 1950-ல் குழந்தையாக இருந்த ஒரு போரைட்டீஸை நினைத்துக்கொள்ளுங்கள். சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை வந்தது 1950-களின் கடைசியில். தூத்துக்குடிப் பெருந்துறைமுகம் 1974-ல். அதை ஒட்டியே உரத் தொழிற்சாலை. அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல், பின் ஐந்து அலகுகளாகி 1050 மெகாவாட். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், நிக்கல் எல்லாம் நுண்ணளவில் உண்டு. 1990-களின் நடுவில் தாமிர உருக்காலை. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்த தண்ணீரும், பின்பு வந்த தண்ணீரும் அந்த ஒரே உடம்பில் அடுத்தடுத்த வரியாக இருக்கும்.

அந்த உருக்காலையை எதிர்த்து மக்கள் திரண்ட 2018 மே 22-லும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஆறு நாளில் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் ஆலைத் தரப்பின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அத்தனை ஆண்டு வாதத்திலும் காற்று, நிலத்தடி நீர், மண் என்று எவ்வளவோ அளவுகள் பேசப்பட்டன. ஒவ்வொரு அளவுக்கும் எதிர்க்கேள்வி ஒன்று தயாராக இருந்தது: ஆலை வருவதற்கு முன் எவ்வளவு இருந்தது? சுற்றுச்சூழல் வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முட்டி நிற்கின்றன. முன்னால் யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. பவளத்தின் அருமை இங்கேதான். நாம் அளக்காத ஆண்டுகளுக்கும் அது கணக்கு வைத்திருக்கிறது. அது ஆலைக்காரர் சாட்சியும் இல்லை, ஊர்க்காரர் சாட்சியும் இல்லை. எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு வந்தது என்று அது பெயர் சொல்லிக் காட்டாது. எந்த ஆண்டில் ஏறியது, எந்த ஆண்டில் இறங்கியது என்று சொல்லும். பாதி வழக்கு அதிலேயே தெளிந்துவிடும்.

ஆலைகளை மட்டும் சொல்லி ஆற்றங்கரை தப்பித்துக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலி மாநகரின் சாக்கடை ஆற்றில் இறங்குவதை நாங்கள் எல்லோரும் பாலத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறோம். பாஸ்பேட் உரத்தோடு வயலுக்குக் காட்மியமும் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டம் தீவாகி, ஆறு தன் கரையெல்லாம் வழித்துக்கொண்டு கடலுக்குப் போனது. வயலில் நாம் போட்டது, ஊரில் நாம் கொட்டியது எல்லாம் அந்தச் செந்நீரில் இருந்தது. கரையோர நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறும் கடல் இது. எந்தத் தீவின் பவளம் தாமிரபரணியின் பேச்சை அதிகம் கேட்டிருக்கிறது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையோரப் பவளங்களில் கன உலோகங்களை அளந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. மன்னார் வளைகுடாவின் மற்றத் தீவுகளுக்கும் அத்தகைய ஆய்வுகள் பின்னர் வந்தன. அவை நல்ல தொடக்கம். ஆனால் ஒரு துண்டைப் பொடித்து மொத்தமாக அளப்பது ஒரு நூலின் எடையைப் பார்ப்பது மாதிரி. வரி வரியாக ஆண்டுவாரியாக வாசித்தால்தான் கதை கிடைக்கும்.

வாசிக்க எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? பல பத்தாண்டுகள் நம் ஆட்கள் பாரை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கும் சூளைக்கும் போனது கொஞ்சம், ஆலைகளுக்குச் சுண்ணாம்பாகப் போனது நிறைய. 2001-ல் கடும்பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் உடைப்பது நின்றது. அதற்குள் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டது. வான் தீவும் கரைந்து சிறுத்தது. அதைக் காப்பாற்ற இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்துக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். உடைத்தவர்களை நான் பழிக்க மாட்டேன். கூலிக்கு முங்கிய ஏழைகள் அவர்கள், அந்தக் கல்லில்தான் என் ஆச்சி வீடும் நின்றது. ஆனால் நம் கடலுக்கு நாம் என்ன செய்தோம் என்பதற்கான ஆதாரத்தை நாமே சூளையில் வைத்து எரித்தோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிஞ்சியதையும் 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பம் வெளுக்க வைத்துக் கொன்றது. செத்த பவளத்தைச் சிப்பியும் புழுவும் குடைந்து மணலாக்கும். மணலில் வரி இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியதை இப்போதே செய்ய வேண்டும். ஒவ்வொரு தீவுக் கூட்டத்திலும் உயிரோடிருக்கும் பழைய போரைட்டீஸ்களில் ஒன்றிரண்டிலிருந்து, வனத்துறையின் அனுமதியோடும் பாரை அறிந்த மீனவர்களின் துணையோடும், விரல் கனமுள்ள தண்டு எடுத்துப் பொதுவில் பாதுகாக்க வேண்டும். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கடலாய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்கு இந்தத் தண்டுகளுக்கும் கொடுக்கலாம். இரண்டும் இந்த ஆற்றின் உலோக வரலாறுதான்.

உயிருள்ள பவளத்தைத் தொடாமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை, இராமேசுவரம் வரை பழைய வீடுகளின் சுவரிலும் அடித்தளத்திலும் சல்லிக்கல் இருக்கிறது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம் அந்தக் கல்லில் கட்டியதுதான். ஆலைகள் வருவதற்கு முன்பு கடலிலிருந்து எடுத்த கற்கள் அவை. மழையும் காரையும் மேற்பரப்பைக் கெடுத்திருக்கும், உள்ளே வரிகள் நல்லபடியாக இருக்க வாய்ப்புண்டு. பவளம் எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று யுரேனியம், தோரியம் அளந்து சொல்லவும் வழி இருக்கிறது. முன்னால் எவ்வளவு இருந்தது என்ற அந்தப் பதில் இல்லாத கேள்விக்கு விடை, இடிபாட்டு லாரிகளில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆச்சி வீட்டின் கற்களும் அப்படித்தான் போயின. ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்து வைத்தேன். தலைவாசல் நிலையில் எழுதியிருந்த வருடத்தை ஒரு தாளில் எழுதி அதன் மேல் ஒட்டியிருக்கிறேன். கடலோரத்தில் பழைய வீட்டை இடிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: சுவரில் பூப்போட்ட வெள்ளைக் கல் தென்பட்டால் ஒன்றிரண்டையாவது தனியே வையுங்கள். வீடு கட்டிய வருடத்தை எழுதிப் பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் துறையிலோ கடலியல் துறையிலோ தகவல் சொல்லுங்கள். அந்தக் கல் மறுபடி வளராது.